சொறி தின்னும் கல்

எப்போதும்வென்றான் என்ற கரிசல் கிராமத்தில் பிறந்த பெண்ணுக்குக் கடலில் என்ன வேலை என்று பொன்மணியிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அவள் யாருக்கும் நீளமாகப் பதில் சொன்னதில்லை. "எனக்கு முங்கத் தெரியும்," என்பாள். அதற்கு மேல் கேட்டால் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

அவள் சொன்னது உண்மைதான். அவளுடைய அப்பா மாடக்கண்ணுவின் கரிசல் காட்டில் ஒரு கிணறு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்தால் அதில் முப்பதடிக்குத் தண்ணீர் நிற்கும். ஆறு வயதில் அதில் குதித்தவள், பத்து வயதில் அடியில் கிடந்த கல்லை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியையாகச் சேர்ந்த பிறகும் அந்த மூச்சுக்கட்டு அவளிடம் அப்படியே இருந்தது. சனிக்கிழமை காலை ரயிலேறி, மணியாச்சியில் வண்டி மாறி, தூத்துக்குடி போவாள். அங்கே கடல் உயிரியல் நிலையம் ஒன்றில் உமாதேவி என்ற பேராசிரியையிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். பவளப்பாறைகள் பற்றிய ஆய்வு.

தொண்ணூற்றெட்டாம் வருஷக் கோடையில் கடல் சுட்டது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் தீவுகளைச் சுற்றி, பழுப்பும் பச்சையுமாக இருந்த பவளங்கள் சில வாரங்களில் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டன. பல செத்தன. சில பிழைத்தன. எது செத்தது, எது பிழைத்தது, ஏன் என்பதுதான் பொன்மணியின் கேள்வி. அறுபது பவளங்களுக்கு எண் போட்டு, மாதம் தவறாமல் முங்கிப் பார்த்து, பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தாள். காற்றுத் தொட்டி கட்டிக்கொண்டு இறங்க நிலையத்தில் வசதி குறைவு. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. பன்னிரண்டு, பதினைந்து அடி ஆழத்துக்கு ஒரு கண்ணாடி முகமூடியும் அவளுடைய மூச்சும் போதும்.

அடுத்த வருஷம் மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, பதினேழாம் எண் பவளத்துக்கு மேலே அவள் அதைப் பார்த்தாள்.

அன்று கடலில் சொறி வந்திருந்தது. ஜெல்லி மீனைத் தூத்துக்குடிக் கடற்கரையில் சொறி என்பார்கள். பட்டால் உடம்பு அரிக்கும். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், கண்ணாடி மாதிரி, நடுவில் நான்கு ஊதா வளையங்களோடு நூற்றுக்கணக்கில் மிதந்துகொண்டிருந்தன. பதினேழாம் எண் ஒரு பானை அளவு இருக்கும். மேலே வளைந்து வளைந்து மடிப்புகள். மடிப்புகளுக்கு நடுவில் வரிசையாக வாய்கள். ஒரு சொறி நீரோட்டத்தில் தாழ்ந்து வந்து அதன் மேல் உரசியது. உரசியது விலகவில்லை. ஒட்டிக்கொண்டது. குடையை மூடி மூடித் திறந்து பார்த்தது. பவளத்தின் வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பொன்மணி மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முங்கினாள். ஆறு தடவை முங்கினாள். ஒரு மணி நேரத்தில் பாதிச் சொறியைக் காணோம்.

படகில் இருந்த இன்னாசியிடம், "அண்ணே, கல்லு சொறியைத் திங்குது," என்றாள். இன்னாசி இருபது வருஷமாகப் படகு ஓட்டுபவர், நிலையத்து ஆட்களைத் தீவுக்கு அழைத்துப் போவதும் அவர்தான்.

"கல்லு எங்க தங்கச்சி திங்கும்? ஆமை திங்கும். நான் கண்ணால பாத்திருக்கேன். கல்லுக்கு என்ன பல்லா இருக்கு?"

"பல்லு இல்ல. வாய் இருக்கு."

இன்னாசி தண்ணீரை எட்டிப் பார்த்தார். மேலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

உமாதேவி முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"நீ பாத்தேன்னா பாத்ததுதான் பொன்மணி. எனக்குச் சந்தேகம் இல்ல. பவளம் மிதக்குற சின்னச் சின்ன உயிரைப் பிடிச்சுத் தின்னும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா தட்டு அகலத்துக்கு ஒரு சொறியை? செத்த சொறி மேல விழுந்து கிடந்துச்சுன்னு ஒரே வரியில தள்ளிருவாங்க."

"உயிரோட வந்துச்சு மேடம்."

"அதைத்தான் காட்டணும். உயிரோட வந்தது, ஒட்டினது, உள்ள போனது. வரிசையா, நேரத்தோட. படம் இல்லாம இதை எழுதாத."

நிலையத்தில் தண்ணீருக்குள் படம் எடுக்கும் கேமரா ஒன்று இருந்தது. அது பழுதாகிச் சென்னைக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"அப்ப படம் எடுத்துட்டு வாரேன்," என்றாள் பொன்மணி.

"எதை வச்சு?"

"கோவில்பட்டியில பாத்துக்கிடுதேன்."

கோவில்பட்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த வன்னியபெருமாள் தன்னிடம் சும்மா கிடந்த பழைய கேமரா ஒன்றைத் தந்தார். எல்லாவற்றையும் கையால் திருப்பி வைக்க வேண்டிய கேமரா. அதை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சோலைராஜின் லேத் பட்டறைக்குப் போனாள். சோலைராஜ் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கும் நூல் மில்களுக்கும் உதிரி பாகம் கடைந்து கொடுப்பவர். நாற்பத்தைந்து வயது. எதற்கு என்று தெரியாமல் எதையும் கடைவதில்லை என்பது அவருடைய வழக்கம்.

பொன்மணி கேமராவை மேஜை மேல் வைத்தாள். "அண்ணாச்சி, இதுக்கு ஒரு பெட்டி வேணும். தண்ணிக்குள்ள கொண்டுபோனா ஒரு சொட்டு உள்ள வரக் கூடாது. வெளிய இருந்தே படம் எடுக்கணும், பிலிமும் தள்ளணும்."

"தண்ணிக்குள்ள யாரைப் படம் எடுக்கப் போறீங்க டீச்சர்?"

"ஒரு கல்லை."

"கல்லை மேல தூக்கிட்டு வந்து எடுக்க வேண்டியதுதான?"

"உயிரோட இருக்க கல்லு. சாப்பிடும்போது எடுக்கணும்."

சோலைராஜ் லேத்தை நிறுத்தினார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க. முதல்ல இருந்து சொல்லுங்க."

பொன்மணி ஒரு துண்டுத் தாளில் இரண்டு படம் வரைந்தாள். ஒன்று விரித்த குடை மாதிரி, வாய் கீழே. இன்னொன்று அதையே தலைகீழாகத் திருப்பித் தரையில் ஒட்டவைத்த மாதிரி, வாய் மேலே.

"இது சொறி. இது பவளப்பூச்சி. ரெண்டும் ஒரே வம்சம். ரெண்டுக்கும் விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குல்லா, அதுல கண்ணுக்குத் தெரியாத விஷ ஊசி இருக்கு. சொறி மிதந்து திரியும். பவளப்பூச்சி ஒரு இடத்துல உக்காந்து, தனக்குக் கீழ சுண்ணாம்பை வச்சு வீடு கட்டிக்கிட்டே போகும். லட்சக்கணக்குல சேந்து கட்டுறதுதான் பாறை. களவா, ஓரா, கிளிமீன், சிங்கி இறா எல்லாம் அதுக்குள்ளதான் குடியிருக்கு."

"உக்காந்த இடத்துல அதுக்குச் சோறு?"

"உடம்புக்குள்ளயே பாசி வளருது. வெயிலை வாங்கி அந்தப் பாசி சோறாக்கும். பெரும்பங்கைப் பவளத்துக்குக் குடுத்துரும். பவளம் அதுக்கு இடமும் உரமும் குடுக்கும்."

"விளைச்சல்ல பங்கு பேசி வாரத்துக்கு விட்ட நிலம் மாதிரி."

"அதேதான் அண்ணாச்சி. போன வருஷம் கடல் சுட்டுப்போச்சு. பாசி வெளியேறிட்டு. பவளம் வெள்ளை வெளேர்னு நின்னுது. நிறைய பட்டினியில செத்துப்போச்சு. ஆனா சிலது சாகல. அதுகளுக்கு வேற சோறு கிடைச்சிருக்கணும்னு நான் நினைக்கேன். அது சொறியா இருக்கலாம்."

சோலைராஜ் தாளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க அய்யா காலத்துல மழை இல்லாத வருஷம் என்ன செஞ்சாவ? கம்பு இல்ல, பருத்தி இல்ல. வீட்டோட தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சிக் கட்டை அடுக்கப் போனாவ. போனவங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சுது. உங்க பவளமும் கட்டை அடுக்கப் போயிருக்கு."

பொன்மணிக்குச் சிரிப்பு வந்தது. "இதை எங்க மேடத்துக்கிட்ட இப்படியே சொல்லுவேன்."

"ஆனா டீச்சர், சொந்தக்காரனையேவா திங்குது?"

"பட்டினி கிடக்கும்போது அதெல்லாம் பாக்காது அண்ணாச்சி."

"சரி. கேமராவை வச்சிட்டுப் போங்க."

எட்டு அங்குல போர்வெல் பைப்பில் ஒரு துண்டு வெட்டினார் சோலைராஜ். பின்பக்கம் கனத்த மூடி. முன்பக்கம் கண்ணாடி, அதற்கும் பைப்புக்கும் நடுவே ரப்பர் வளையம், சுற்றிலும் எட்டு போல்ட். வெளியிலிருந்து உள்ளே போகும் இரண்டு தண்டுகள்: ஒன்று படம் எடுக்க, மற்றது பிலிமைத் தள்ள. தண்டு நுழையும் ஓட்டை வழியாகத் தண்ணீர் வராதா என்று பொன்மணி கேட்டபோது அவர் சிரித்தார். "உங்க அய்யா கிணத்துப் பம்புல தண்டு சுத்துது, தண்ணி பீய்ச்சி அடிக்கா? தண்டைச் சுத்தி கிளாண்டுக்குள்ள கயிறு திணிச்சிருக்குல்லா. அதே வேலைதான், சின்னதா."

ஒரே ஒரு சிக்கலை அவரால் உடனே தீர்க்க முடியவில்லை. பெட்டிக்குள் இருக்கும் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்க முடியாது. எது தெளிவாக விழும், எது மங்கும் என்று எப்படித் தெரியும்? நான்கு நாள் யோசித்தார். கடைசியில் பெட்டியின் முன்னால் இரண்டடி நீளத்துக்கு ஒரு பித்தளைக் கம்பியை நீட்டிப் பொருத்தினார். அந்தக் கம்பி நுனி இருக்கும் தூரத்துக்குக் கேமராவைத் திருப்பி வைத்துவிட்டால் போதும். நுனி எதன் பக்கத்தில் நிற்கிறதோ அது தெளிவாக விழும்.

மார்கழி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு சோலைராஜ் எப்போதும்வென்றானுக்கு வந்தார். கிணறு நிறைந்து கிடந்தது. கேமராவுக்குப் பதிலாக ஒரு தீப்பெட்டியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மேலே வந்ததும் குச்சி உரசினால் பற்ற வேண்டும், அதுதான் சோதனை. மாடக்கண்ணு கிணற்று மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்.

பெட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பெட்டி மிதந்தது. பொன்மணி நீந்திப் போய் அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கினாள். வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. மாடக்கண்ணு சத்தமாகச் சிரித்தார்.

"இதுக்குத் தண்ணியே பிடிக்கலையே அண்ணாச்சி," என்றாள் பொன்மணி.

சோலைராஜ் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். "உள்ள அவ்வளவு காத்து இருக்குல்லா. தண்ணி உள்ள வாரதை மட்டும்தான் யோசிச்சேன். இது மேல போகும்னு யோசிக்கல. இரும்பு ஏதாவது கிடக்கா?"

பம்பு ரூமில் பழைய பம்பின் சக்கரம் ஒன்று கிடந்தது. அதை மாடக்கண்ணுவே தூக்கிக்கொண்டு வந்து கட்டிக் கொடுத்தார். பெட்டி அடங்கி இறங்கியது. பொன்மணி அதோடு சேர்ந்து கிணற்றின் அடிவரை போனாள். இருட்டில், குளிரில், இரண்டு தண்டுகளையும் பத்துத் தடவை இயக்கிப் பார்த்துவிட்டு மேலே வந்தாள். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கரண்டித் தண்ணீர். உரசினால் தீக்குச்சியின் மருந்து தீப்பெட்டியிலேயே அப்பிக்கொண்டது.

"கிளாண்டு ஒழுகல," என்றார் சோலைராஜ், விரலால் தடவிப் பார்த்து. "கண்ணாடிப் பக்கம்தான். பைப்பு பிளாஸ்டிக்கு. கடையும்போது சூட்டுல நெளிஞ்சிருக்கு. அந்த வளையம் உக்காருத இடத்தை அலுமினியத்துல செய்யணும். என் தப்பு. அடுத்த ஞாயிறு வாரேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலுமினிய வளையத்தோடு வந்தார். அடியில் இரும்புப் பட்டைகளையும் அளந்து பூட்டியிருந்தார். இந்தத் தடவை பொன்மணி மேலே கொண்டுவந்த பெட்டியைத் திறந்து, குச்சியை எடுத்து மாடக்கண்ணுவிடம் கொடுத்தார்கள். முதல் உரசலிலேயே பற்றியது. மாடக்கண்ணு அதில் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "இனி நீ போய் உன் கல்லைப் பாரு," என்றார் மகளிடம்.

மார்ச் மாதம் வந்ததும் பொன்மணி பெட்டியோடு கடலுக்குப் போனாள். பதினேழாம் எண் இருந்த இடத்தில் முங்கினாள். பவளம் இல்லை. பானை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு வெட்டுக் காயம் மட்டும் இருந்தது. சுற்றிலும் உடைந்த சில்லுகள்.

"கல்லு எடுக்க வந்தவங்க வேலை," என்றார் இன்னாசி. "சுண்ணாம்புக்குக் கொண்டுபோயிருப்பாங்க. போன மாசம் ராத்திரியோட ராத்திரியா ரெண்டு வள்ளம் இந்தப் பக்கம் வந்ததாப் பேச்சு. பாத்தவங்க யாரும் வாயத் திறக்கல."

பொன்மணி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மிதந்தாள். இரண்டு வருஷம் அந்தப் பவளத்தை மாதாமாதம் பார்த்திருக்கிறாள். வெளுத்ததைப் பார்த்திருக்கிறாள், மறுபடி பழுப்பு ஏறியதைப் பார்த்திருக்கிறாள். பிழைத்து வந்த ஒன்றைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பலகையில் பதினேழுக்கு நேரே தேதியையும் 'வெட்டப்பட்டது' என்பதையும் எழுதினாள். பிறகு பட்டியலைப் பார்த்தாள்.

"நாப்பத்தி ஒண்ணு இதே வகைதான். தெக்குப் பக்கம், பன்னெண்டு அடியில இருக்கு. அங்கன போவோம் அண்ணே."

நாற்பத்தொன்று பத்திரமாக இருந்தது. ஆனால் சொறி வரவில்லை. மூன்று சனிக்கிழமை வீணாகப் போனது. ஏப்ரல் முதல் வாரம் வெள்ளிக்கிழமை மாலை, அவள் வீட்டுக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு இன்னாசி போன் செய்தார்.

"சொறி வந்துட்டு தங்கச்சி. இன்னைக்கு வலை முழுக்க அதான். நாளைக்கு வெள்ளனே வந்துரு."

மறுநாள் காலை தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆயிரக்கணக்கான சொறிகள் ஒரே தாளத்தில் குடையை மூடித் திறந்துகொண்டு போயின. சிலவற்றின் கீழே விரல் நீளப் பாறை மீன் குஞ்சுகள் ஒதுங்கி, குடையோடு குடையாக நகர்ந்தன. பெரிய மீன் பக்கத்தில் வந்தால் இன்னும் உள்ளே ஒடுங்கின. தூரத்தில் ஒரு ஆமை கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொறியைக் கடித்து இழுத்தது. இன்னாசி சொன்னது சரிதான்.

நாற்பத்தொன்றின் மேல் ஒன்றும் இறங்கவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எல்லாம் இரண்டடி உயரத்தில் கடந்து போயின.

"ஒண்ணைப் பிடிச்சு மேல வச்சிருவோமா?" என்று கேட்டார் இன்னாசி. "யாருக்குத் தெரியப் போவுது?"

"வச்சா நான் ஊட்டுனதா ஆகிரும். அதுவா பிடிக்கணும்."

பத்து மணி பத்து நிமிஷத்துக்குப் பாறை இடுக்கு வழியாக நீரோட்டம் திரும்பியது. ஒரு சொறி சாய்ந்து வந்தது. அதன் விளிம்பு நாற்பத்தொன்றைத் தொட்டது. பொன்மணி ஏற்கெனவே கீழே இருந்தாள். கம்பி நுனியைப் பவளத்தின் ஓரத்தில் நிறுத்தி முதல் தண்டை அழுத்தினாள். அடுத்த தண்டைத் தள்ளினாள். மறுபடி அழுத்தினாள். சொறி உயிரோடுதான் இருந்தது. குடை அடித்துக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம் என்று கணக்கு வைத்துக்கொண்டாள். மேலே வந்து மூச்சு வாங்குவாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், முங்குவாள். பத்தரைக்குக் குடையின் அடிப்பு நின்றது. பத்து முப்பத்தைந்துக்கு மூன்று வாய்கள் சேர்ந்து ஒரு ஓரத்தை இழுத்துக்கொண்டிருந்தன. பத்து நாற்பதுக்குப் படம் எடுத்து மேலே வரும்போது இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை யாரோ பழுக்கக் காய்ச்சிய கரண்டியை வைத்து இழுத்த மாதிரி இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்த சொறி அல்ல. நான்கு மூலை கொண்ட, கட்டைவிரல் அளவுச் சொறி ஒன்று, நூல் மாதிரி நீண்ட வாலோடு கூட்டத்துக்குள் கலந்து வந்திருந்தது.

இன்னாசி அவளைப் படகில் ஏற்றினார். அவளே கொண்டுவந்திருந்த வினிகர் பாட்டிலைத் திறந்து கை முழுக்க ஊற்றினார். கையில் சிவப்பாக மூன்று கோடு எழும்பியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"போதும் தங்கச்சி. எடுத்த வரைக்கும் போதும். கரைக்குப் போவோம்."

"மணி என்ன அண்ணே?"

"பத்து நாப்பத்தி ஆறு."

"ஒண்ணு போச்சு. அம்பதுக்கு எடுக்கணும்."

"கை என்ன கதியில இருக்கு பாத்தியா?"

"வலிக்கத்தான் செய்யுது. மூச்சு நல்லா இருக்கு, தலை சுத்தல. நடுவுல ஒரு மணி நேரம் விட்டா, அந்த ஒரு மணி நேரத்துல என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க. நான் இதுக்காக ஒரு வருஷம் காத்திருந்தேன்."

இன்னாசி தன் முழுக்கைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். "இதைப் போட்டுக்கிட்டு இறங்கு. அந்த நாலு மூலைப் பயலை நான் மேல இருந்து பாத்துக்கிடுதேன். பெட்டியில கட்டியிருக்க கயிறை இழுத்தேன்னா கேள்வி கேக்காம மேல வந்துரணும்."

"சரி அண்ணே."

பத்து ஐம்பதுக்கு அவள் நாற்பத்தொன்றின் பக்கத்தில் இருந்தாள். இன்னாசி இரண்டு தடவை கயிற்றை இழுத்தார். இரண்டு தடவையும் வந்தாள். நண்பகல் தாண்டிச் சொறியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஊதா வளையம்தான். அதன் மேலும் ஒரு வாய் மெதுவாக மூடியது. அதைக் கடைசிப் படமாக எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். மொத்தம் இருபத்தாறு படம். கரைக்கு வரும்போது வலது கை பெட்டியை அணைத்திருந்தது, இடது கை வீங்கிப்போயிருந்தது. கரையில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் ரயிலேறினாள்.

வன்னியபெருமாள் பிலிமைக் கழுவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நான்கு படம் கலங்கல், மூன்று படத்தில் அவள் முடி குறுக்கே. மீதிப் பத்தொன்பதும் துல்லியம். ஆனால் ஒவ்வொன்றிலும் கீழ் மூலையில் பித்தளைக் கம்பியின் நுனி விழுந்திருந்தது.

"கம்பி வந்துட்டே டீச்சர். வெட்டிப் போடவா?"

"வேண்டாம் அண்ணாச்சி. அப்படியே போடுங்க."

உமாதேவி பத்தொன்பது படங்களையும் நீள மேஜையில் நேர வரிசையில் பரப்பினார். நின்றுகொண்டே பார்த்தார். முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை போய், திரும்பி வந்தார்.

"இது என்ன கம்பி?"

"தூரம் பாக்க வச்சது. மூணு மில்லிமீட்டர் கனம்."

"மூணு மில்லிமீட்டர்," என்று உமாதேவி திருப்பிச் சொன்னார். ஸ்கேலை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். "அப்ப இதை வச்சே ஒவ்வொரு வாயும் எவ்வளவு திறந்திருக்குன்னு அளந்துரலாம். யார் செஞ்சது?"

"கோவில்பட்டி லேத் பட்டறை, சோலைராஜ் அண்ணாச்சி."

"இனி யாரும் இதை ஒரே வரியில தள்ள முடியாது." உமாதேவி உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு. சொறியைத் தின்னதாலதான் பவளம் பிழைச்சதுன்னு எழுதாத. தின்னதுன்னு மட்டும் எழுது. நீ காட்டினது அவ்வளவுதான்."

பொன்மணிக்கு அது ஏமாற்றமாக இல்லை. பவளம் கட்டை அடுக்கப் போன கதையை அவள் உமாதேவியிடம் சொன்னாள். உமாதேவி நன்றாகச் சிரித்துவிட்டு, "அதை நிரூபிக்க இன்னும் அஞ்சு வருஷம் வேணும். செய்யுறியா?" என்று கேட்டார்.

"செய்யுதேன் மேடம்."

கட்டுரை ஒரு சின்ன ஆய்விதழில் வந்தது. வருவதற்கு முன் இரண்டு தடவை கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு தடவையும் பொன்மணி படங்களின் நேரத்தை வைத்தே பதில் எழுதினாள். கடைசிப் பத்தியில் உதவியவர்கள் பெயர் வரிசையில் இன்னாசியும் சோலைராஜும் வன்னியபெருமாளும் இருந்தார்கள். மாடக்கண்ணு தன் கிணற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லையே என்று கேட்டார்.

அடுத்த வருஷம் சொறி வந்த சமயத்தில் சோலைராஜ் பட்டறையை ஒரு நாள் அடைத்துவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. ஆனால் கையில் ஒரு நீளமான பைப் வைத்திருந்தார். அதன் ஒரு முனையில் கண்ணாடி. பட்டறையில் மிச்சம் கிடந்த துண்டுகளில் தனக்கென்று செய்துகொண்டதாம்.

"டீச்சர் படம் காட்டுனாங்க. படம் வேற, நேர்ல பாக்குறது வேற," என்றார் இன்னாசியிடம்.

தீவுக்குப் பக்கத்தில் படகு நின்றதும் குப்புறப் படுத்துக்கொண்டு, பைப்பின் கண்ணாடி முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறு முனையில் கண்ணை வைத்தார். கீழே பொன்மணி பாறையின் ஓரமாகப் பலகையோடு நகர்ந்துகொண்டிருந்தாள்.

"குடைக்குக் கீழ குஞ்சு மீனு ஒதுங்கி நிக்குது," என்றார் கண்ணை எடுக்காமல். "அதைச் சொறி கொட்டாதா?"

"ஓரத்து நூலு பக்கம் போகாம, நடுவுலயே நெளிஞ்சுக்கிட்டு நிக்கும்," என்றார் இன்னாசி.

"அந்தா பச்சையா ஒரு மீனு கல்லைக் கடிக்கு. கடிக்குத சத்தம் இங்கன கேக்குது."

"கிளிமீனு."

"கல்லு எல்லாம் வாயைத் திறந்து வச்சிருக்குல்லா." சோலைராஜின் குரல் தாழ்ந்தது. "ஏயப்பா. எவ்வளவு வாய்."

இருபது வருஷமாக அந்தப் பாறைக்கு மேலே படகு ஓட்டியவர் இன்னாசி. வலையில் வந்ததைப் பார்த்திருக்கிறார், முங்கியும் பார்த்திருக்கிறார், ஆனால் கண் எரியாமல் ஒரு இடத்தில் படுத்துக்கொண்டு பார்த்ததில்லை. அவர் துடுப்பை உள்ளே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, எனக்கும் ஒரு தடவை குடுங்க."

"தாரேன், தாரேன்," என்றார் சோலைராஜ். பைப்பை இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்கினார். "சொறி ஒண்ணு கல்லுக்குக் கிட்டக்க வருது. இது முடியட்டும்."